கைராசியுள்ள கண் டாக்டர்

டாக்டரிடம் போவது உடம்பைக் காட்டுவதற்கு என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அப்படியானால் கைராசி பார்க்கும் இனத்தை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை. அவர்கள் டாக்டரைப் பரிசோதிக்கப் போகிறவர்கள்.

ஆஸ்டின் டவுன் சில்வெஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். வந்திறங்கும் சாமானைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பாதியைத் திருப்பி அனுப்பியே இருபத்திரண்டு வருஷமாக நல்ல பேர் வாங்கியவர். 1962இல் ஒரு திங்கட்கிழமை காலை, சவரம் செய்யும்போது அவருடைய வலது கண்ணின் கீழ் ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை எழும்பி நின்றது. கண்ணாடியைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தார். திரை போகவில்லை.

மனைவி பியாட்ரிஸ் அன்றைக்கே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரெட்டினாவுக்கென்றே சீமையில் படித்துவிட்டு வந்திருந்த இளம் டாக்டர் கேசவமூர்த்தி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் கண்ணுக்குள் பார்த்தார்.

"சுவத்துல சுண்ணாம்பு உரியுதில்ல, அது மாதிரி உள்ளே ரெட்டினா உரியுது. நடுவுக்கு வந்துட்டா கஷ்டம். இந்த வாரமே ஆபரேஷன் ஆகணும். அதுவரைக்கும் அசையாம படுத்திருங்க."

சில்வெஸ்டர் டாக்டரின் மீசையைப் பார்த்தார். அது இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"வெளியே நாலு பேருகூட இல்ல, கவனிச்சியா?" என்றார் வாசலுக்கு வந்ததும். "கைராசி இருந்தா கூட்டம் இருக்காதா?"

படுத்திருக்கச் சொல்லப்பட்டவர் பஸ் ஏறினார். செவ்வாய்க்கிழமை அல்சூர் டாக்டர்: கூட்டம் தெருவரைக்கும் நின்றது, இத்தனை பேரில் நம் கண்ணை எங்கே பார்க்கப் போகிறார் என்று திரும்பிவிட்டார். புதன்கிழமை டாக்டருக்கு வயது அறுபத்தெட்டு, கை நடுங்கியது. வியாழக்கிழமை டாக்டருக்குக் கை நடுங்கவில்லை, ஆனால் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தார். தன் கண்ணையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவர்! கண்ணைப் பார்த்த இருவரும் சொன்னது ஒன்றேதான்: ரெட்டினா, ஆபரேஷன், கேசவமூர்த்தி. கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள், வேறென்ன?

வெள்ளிக்கிழமை சிவாஜி நகரில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தாஸ், இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். "உடம்புச் சூடு அண்ணே. விளக்கெண்ணெய் வையுங்க, போயிடும்."

இந்த ஒரு வார்த்தைக்காக அல்லவா மனிதர் அத்தனை நாள் அலைந்தார்! குளிர்ந்த மனசோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், எதற்கும் பார்ப்போமே என்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். நெற்றி இருந்தது. கண்கள் இருந்தன. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"பியாட்ரிஸ்... உன் வாய் தெரியலடி."

கல்யாணமான இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது. அவள் திட்டவில்லை. விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்து அப்பால் வைத்தாள்.

சனிக்கிழமை கேசவமூர்த்தியின் எதிரே உட்கார்ந்து அவளே கேட்டாள். "டாக்டரே, இந்த ஆபரேஷன் எத்தினி பேருக்குப் பண்ணீங்க?"

"பதினாலு பேருக்கும்மா."

"எத்தினி பேருக்குப் பார்வை வந்துச்சு?"

"ஒம்பது பேருக்கு." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "அஞ்சு பேருக்கு வரல."

சில்வெஸ்டர் எழுந்தே விட்டார். அவள் அவருடைய சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "குந்துங்க. அந்த அஞ்சையும் சொல்றாரு பாத்தீங்களா? இவரு போதும்."

ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டு, தலைக்கு இருபுறமும் மணல்மூட்டை, மூன்று வாரம் மல்லாந்த படுக்கை. பார்வை வந்தது. படிக்கும்போது எழுத்துகள் மட்டும் நெளிந்தன. திங்கட்கிழமையே படுத்திருந்தால் அதுவும் இருந்திராது என்று டாக்டர் சொன்னதை பியாட்ரிஸ் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

சில்வெஸ்டருக்கு இப்போது விவேக் நகர், நீலசந்திரா வரைக்கும் மவுசு. கண்ணில் தூசி விழுந்தவர்கள்கூட யோசனை கேட்டு வருகிறார்கள். "மூணு டாக்டரைத் தள்ளிட்டுத்தான் கேசவமூர்த்தியைப் புடிச்சேன். என்னா கைராசி! பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு எனக்கு" என்கிறார். பியாட்ரிஸ் காபி கொண்டுவந்து வைக்கிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தடவை ஒரு டாக்டர் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னாரே, வெளியே வந்ததும் அவருடைய வயதைப் பற்றித்தானே முதலில் பேசினீர்கள்?