ஆயிரத்துக்கு இருநூற்று அறுபது

மேலப்புதூர், திருச்சி
9.8.1984, வியாழன்

மதிப்புக்குரிய சம்பந்தி, லால்குடி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சகாயநாதன் அவர்களுக்கு அமிர்தராஜ் எழுதுவது.

என் மகன் தைரியராஜ் ஃபெயில் ஆகவில்லை. சொன்னவர் ஸ்ரீரங்கம் டாக்டர் சம்பத். சொன்னது இன்று காலை, அவருடைய கிளினிக்கில். கேட்டவன் நான்.

முறைப்படி நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்திருக்க வேண்டும். பத்திரிகைக்குச் செய்தி எழுதியே காலம் போனதில் முதல் வரியிலேயே செய்தியைச் சொல்லிப் பழகிவிட்டது, மன்னிக்கவும். இங்கு நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். அங்கு தாங்களும், சம்பந்தி அம்மாளும், போன சனிக்கிழமை தாங்கள் கையோடு அழைத்துப் போன எங்கள் மருமகள் இருதயமேரியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம்.

நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கு நிலைகொள்ளாது. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தை இல்லை என்று பிள்ளைகள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். அவர் எழுதிக்கொடுத்த சோதனைகளில் ஒன்று, டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் சுரப்பு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. காலையில் போய் ரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தார். இவன் மின்சார வாரிய ஆபீஸில் லீவு கிடைக்காமல், அதுவும் காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரத்தில், சாயங்காலம் போய்க் கையை நீட்டியிருக்கிறான். ரத்தத்தை ஐஸில் வைத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் தபாலில் வந்த நேரமும், தாங்கள் வாழைத்தாரோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்த நேரமும் ஒன்றாகப் போயிற்று. கவரைத் தாங்களே பிரித்தீர்கள். 260 என்று இருந்தது. பக்கத்தில் 300 முதல் 1000 வரை என்று இருந்தது. தாங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முந்நூறு பாஸ் மார்க்கு, ஆயிரம் ஃபுல் மார்க்கு. மாப்பிள்ளை இருபத்தாறு பர்சென்ட்" என்றீர்கள். "இப்படி மார்க் வாங்குனா எங்க ஸ்கூல்ல அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவோம்" என்றும் சொன்னீர்கள். "அப்பாதான் எதிர்ல நிக்கிறேன், சொல்லுங்க சம்பந்தி" என்றேன். "மறுபரீட்சையில தேறட்டும். அதுவரைக்கும் பொண்ணு எங்க வீட்டுல இருக்கட்டும்" என்றீர்கள். வாழைத்தாரை வைத்துவிட்டுப் பெண்ணை அழைத்துப் போய்விட்டீர்கள்.

அதற்கப்புறம் இந்த வீட்டில் யாரும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. என் மனைவி ரோசம்மாளுக்கு அந்தச் சுரப்பின் பெயர் வாயில் நுழையவில்லை. "டெஸ்ட் ஸ்டோர்ல அளவு கொறைச்சலாம்" என்று பக்கத்து வீட்டு வியாகுலம்மாளிடம் அழுதிருக்கிறாள். அந்த அம்மாள், "எங்க ஸ்டோர்லயும் அப்படித்தாங்க்கா. போன மாசம் சீனியில அரைக் கிலோ அடிச்சுட்டான். சும்மா விடாதீங்க, தாசில்தாருக்கு எழுதிப் போடுங்க" என்றிருக்கிறார். ரோசம்மாள் வந்து, "தாசில்தாருக்கு எழுதுனா சரியாயிடுமாங்க?" என்று என்னைக் கேட்கிறாள். இன்னொரு பக்கம் பையனுக்கு வேளைக்கு வேளை உளுந்தங்களி. "அது வயசுக்கு வந்த பொண்ணுக்குக் கிண்டிக் கொடுக்கிறதில்ல?" என்று கேட்டேன். "எலும்புக்கு நல்லது, நீங்க சும்மா இருங்க" என்றாள். பையனோ ஷேவ் பண்ணும்போது கன்னத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறான். எதிரே நான் வந்தால் ரேஸரைக் கழுவப் போய்விடுகிறான். அவனோடு பேச வேண்டும் என்று வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அதனால்தான் இன்று காலை பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். டாக்டரிடம் தங்கள் மார்க் கணக்கைச் சொன்னேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இது பரீட்சை இல்லை, சார். ஆரோக்கியமா இருக்கிற ஆம்பளைகள்ல முக்காலே மூணுவீசம் பேருக்கு அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவிலே இருக்கும், அவ்வளவுதான். தொள்ளாயிரம் இருக்கிறவன் நானூறு இருக்கிறவனைவிட ஒண்ணும் ஒசத்தி இல்லை. காலம்பற ஏறி இருக்கும், சாயங்காலம் இறங்கும். ஜுரம் கண்ட உடம்பிலே இன்னும் இறங்கும். ஒரு தரம் பார்த்துட்டு முடிவு சொல்லப்படாது. மறுபடியும் காலம்பற எடுத்துப் பார்க்கணும். குழந்தை உண்டாகுமாங்கிறதுக்கு வேற சோதனை இருக்கு, இந்த ஒரு எண்ணை வச்சு அதையும் சொல்ல முடியாது" என்றார். "இதை உங்க பேரைப் போட்டுச் சொல்லலாமா?" என்று கேட்டேன். "சம்பந்திக்குத்தானே? சொல்லிக்கோங்கோ. பேப்பர்ல போட்டுடாதேங்கோ" என்றார்.

ஆகவே, சம்பந்தி அவர்களே, திங்கட்கிழமை காலை பையனை நானே அழைத்துப் போய் மறுபடி ரத்தம் கொடுக்கவைக்கிறேன். எண் என்னவாக வந்தாலும் அது டாக்டர் பார்க்க வேண்டிய எண்; பெண்ணைப் பிரித்து வைக்கிற எண் இல்லை. அவன் மூன்று வருடமாக அவளோடு சேர்ந்து சாப்பிட்டவன். இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். மருமகளை அனுப்பி வையுங்கள். வாழைத்தார் கூட வேண்டாம்.

தங்கள் குடும்பத்தில் எல்லாரையும் மாதா காக்கட்டும். சம்பந்தி அம்மாளின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அமிர்தராஜ்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் இருதயமேரி பெட்டியோடு வந்து நிற்கிறாள். தாங்கள் மதியத் தூக்கத்தில் இருந்ததால் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாளாம். கடிதத்தை வாங்கிப் படித்தாள். "தப்பா எழுதியிருக்கீங்க மாமா. அப்பா என்னைக் கூட்டிட்டுப் போகல, நான்தான் போனேன். எல்லாரும் உங்க பையன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. நான் இல்லைன்னா இந்த மார்க்குப் பேச்சு நின்னுடும்னு நெனைச்சேன். நிக்கல" என்றாள். திங்கட்கிழமை ரத்தம் எடுப்பதும் தப்பாம். நேற்றுக் காலையே இவள் லால்குடியிலிருந்தும் அவன் இங்கிருந்தும் ஸ்ரீரங்கம் போய்க் கொடுத்துவிட்டார்களாம். "டாக்டர் என்கிட்ட சொல்லலையேம்மா" என்றேன். "சொல்ல வேண்டாம்னு நாங்கதான் சொன்னோம்" என்றாள்.

இப்போது அடுப்படியில் அவன் ஏதோ சொல்ல, அவள் சிரிக்கிறாள். என்னவென்று கேட்கவில்லை.

நிலுவையில் இருப்பது இரண்டாவது ரிசல்ட். இருபதாம் தேதி வாக்கில் எதிர்பார்க்கப்படுகிறது. இந்தத் தடவை அது வீட்டு விலாசத்துக்கு வராதாம். நமக்குச் சொல்வார்களா என்று கேட்டதற்கு, "உங்களுக்கும் அப்பாவுக்கும் அது எதுக்கு மாமா?" என்றாள். தங்களுக்கு ஏதாவது வழியில் தெரிந்தால் ஒரு கார்டு போடவும்.