முத்துக்கரை நகரின் மூத்த குடிமகள்

ஹம்சா முத்துக்கரை நகரில் முதன்முதலாகக் கண்விழித்தது ஒரு சத்தத்தில்தான். தொம், தொம் என்று யாரோ மணலில் எதையோ போட்டார்கள். கரையேறிய கட்டுமரத்தைக் கட்டவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போடுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அது 1971. அடையாறு தாண்டிக் கடலோரமாக அந்த நகரில் மொத்தமே பதினோரு வீடுகள்; மீதி மணலும் சவுக்கும்.

1996இல் நகருக்கு ஒரு கவலை வந்தது. மயிலாப்பூருக்குப் பழமை இருக்கிறது, தமக்கு இல்லை. அந்த வருஷம் பழமைதான் நாகரிகம். பரணில் கிடந்த பித்தளை அண்டாக்களெல்லாம் வரவேற்பறைக்கு இறங்கியிருந்தன. எனவே குடியிருப்போர் நலச்சங்கம் கூடி, ‘பாரம்பரியப் பகுதி’ என்னும் அந்தஸ்து கோரி விண்ணப்பிப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது. எழுதும் பொறுப்பு, ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை ஹம்சாவுக்கு.

ஏழாவது கேள்வி: ‘இப்பகுதியில் மிக நீண்டகாலமாக வசிப்பவர் யார்?’

ஹம்சா மனசாட்சியுள்ளவள். தெருமுனையில் மீன் விற்கும் அம்மாசியின் பெயரை எழுதினாள். பெயர் ஏட்டில் ஏறினால் கடலோரக் குடிசைக்குப் பட்டா கிடைக்கும் என்று அவளுக்கு நம்பிக்கையும் ஊட்டினாள்.

விசாரணைக்கு வந்தவர் அதிகாரி ராகவேந்திரன்.

“எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?”

“எங்க தாத்தா காலத்துலேர்ந்து, நைனா. இந்த பங்களாலாம் நேத்து மொளச்சது. எம் பேரை நல்லா பெருசா எழுதிக்கோ.”

“இந்த நகர் உண்டானது அரசாணைப்படி 1970 மார்ச் மூணாம் தேதி. அதுக்கு முந்தி இங்க யாரும் கிடையாது.”

“அப்போ நான் இன்னா, கடலுக்குள்ளயா குந்திகினு இருந்தேன்?”

“ஆணைக்கு முந்தியே இருந்தீங்கன்னா, அனுமதி இல்லாம இருந்திருக்கீங்க.” அவர் கனிவாகவே சொன்னார். “கொஞ்சம் லேட்டா வந்திருந்தாக்கூடப் பரிசீலிக்கலாம்.”

ஹம்சா பதறினாள். “சார், இவா மூணு தலைமுறையா இருக்கா. நானே இருபத்தஞ்சு வருஷமா பாத்துண்டிருக்கேன்!”

“ரொம்ப உபகாரம், மேடம்.” அவர் பையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்து நீட்டினார். “அதையே இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

“போட்டுக் குடு டீச்சரம்மா,” என்றாள் அம்மாசி. “படிச்சவங்க கையெழுத்துன்னா சும்மாவா?”

முப்பது வருஷம் விடைத்தாள்களில் ‘கேள்வியை நன்றாகப் படி’ என்று சிவப்பு மையால் எழுதியவள், படிவத்தின் தலைப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

ஒரே மாதத்தில் அந்தஸ்து வந்தது. கூடவே ஓர் இணைப்பு: ‘மூன்று தலைமுறை ஆக்கிரமிப்பு நேரடிச் சாட்சியத்தால் ஐயமற நிரூபணமாகியுள்ளதாலும், பாரம்பரியப் பகுதியில் ஆக்கிரமிப்பு கூடாதென்பதாலும், மேற்படி குடிசை அகற்றப்படுகிறது.’

அகற்றிய இடத்தில் சங்கம் கருங்கல் பலகை நட்டது: ‘இங்கே தொன்மையான மீனவர் குடியிருப்பு இருந்தது.’ திறப்பு விழாவில் ஹம்சாவுக்குப் பொன்னாடை. வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்தாள். கைதட்டல் ஓயவே இல்லை; போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாசி இப்போது வடபழனி பஸ் டிப்போவுக்கு எதிரே பூ விற்கிறாள்.