காலால் குழைத்த பாண்

மைக் கையில் இருக்கும்போது மனிதன் ரோசப்படக் கூடாது. நான் பட்டேன்.

கிளிநொச்சி நகரில் ஒரு பேக்கரியில் ஆறு வருடம் பாணுக்கும் பணிசுக்கும் மா குழைத்தேன். பிறகு விசுவமடுவில் சொந்தமாக ஒரு சின்னப் பேக்கரி போட்டேன். ஊர் ஊராய்ப் பாட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் பாண் விற்க ஓர் ஓட்டோவும் எடுத்தேன். பழைய முதலாளிக்குப் பொறுக்கவில்லை. “அவன் மாவைக் காலால குழைக்கிறவன். அதாலதான் கலைச்சுவிட்டனான்” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். (அவர் கலைக்கவில்லை. நான் போகிறேன் என்றபோது இருக்கச் சொல்லிக் கெஞ்சினார்.)

கதை விசுவமடுவுக்கு வர ஒரு கிழமைகூட எடுக்கவில்லை. முன்பள்ளிக்குக் கொடுத்துவந்த பணிஸ் நின்றது. விற்காத பாணை நாங்களே மூன்று நேரமும் தின்றோம்.

“நாளைக்கு மைக்கில மறுப்புச் சொல்லப்போறன்” என்றேன்.

“வேண்டாமப்பா” என்றாள் மனைவி ரஜனி. “முரசுமோட்டைப் பக்கம் இன்னும் ஒருத்தருக்கும் உது தெரியாது. நீங்களே போய்ச் சொல்லப்போறியளோ?”

கேட்டேனா? மறுநாள் காலை முரசுமோட்டைக்குள் போய், பாட்டை நிறுத்தி, மேடைப் பேச்சாளனைப் போலத் தொண்டையைச் செருமினேன். “எங்கள் பாண் காலால் குழைத்த பாண் என்பது வெறும் பொய்!” பத்துத் தரமாவது முழங்கியிருப்பேன். சனம் வாசற்படலைக்கு வந்து பார்த்தது. ஒருவரும் வாங்கவில்லை. சிலர் என் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார்கள். கடைசியில், வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

“தம்பி, காலால குழைச்சதெண்டால் சத்தம் போடாமல் வில்லுமன். ஏன் உதை விளம்பரமாச் சொல்லுறாய்?”

“பொய்யெண்டுதானே அண்ணை சொல்லுறன்!”

“அது கேக்கேல்லையே.”

மைக் வயரில் உடைப்பு. நான் ஆவேசப்பட்டுக் கையை உயர்த்தும் இடத்தில், அதாவது ‘என்பது’ தொடங்கும் இடத்தில், சத்தம் அறுந்திருக்கிறது. ஊர் முழுக்கக் கேட்டது “எங்கள் பாண் காலால் குழைத்த பாண்!” மட்டும்தான்.

வீட்டில் வந்து சொன்னபோது ரஜனி சிரிக்கவில்லை. (பிறகு தொடங்கினாள். இன்னும் நிறுத்தவில்லை.) “நாளைக்கு விடியவே முதலாளியிட்டப் போவம். நானும் வாறன்” என்றாள்.

போனபோது அந்தக் கடையில் காலைச் சனம் நிறைந்திருந்தது. வழியெல்லாம் பாடமாக்கிய என் வீர உரை, முதலாளியைக் கண்டதும் பறந்துவிட்டது. வாயிலிருந்து வந்தது “வணக்கம் முதலாளி” மட்டுமே. ஆறு வருடப் பழக்கம்.

ரஜனி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள்.

“அண்ணை, இவர் மாவைக் காலால குழைச்சதை நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?”

“ஓம், கண்டனான்!” என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி.

“எங்கை?”

“இஞ்சைதான்! இந்தப் பேக்கரிக்குள்ளதான்!”

“அப்ப ஆறு வருசமா இந்தச் சனத்துக்கு நீங்கள் வித்தது என்ன பாண்?”

ஓர் அக்கா, வாங்கிய பாணை மெல்லத் திரும்ப மேசையில் வைத்தார். மீன் பணிஸ் தின்றுகொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார், ஆனால் விழுங்கவும் இல்லை.

“இல்லை... இவன் அப்பிடிச் செய்யிற ஆளில்லை... நான் சும்மா பகிடிக்கு...” என்று முதலாளி இழுத்தார்.

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. “அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ, முதலாளி.”

சொன்னார். இரண்டு தரம் சொல்ல வைத்தேன்.

அடுத்த கிழமையே முன்பள்ளிப் பணிஸ் திரும்பிவந்தது. முரசுமோட்டையில் மட்டும் என் ஓட்டோவைக் கண்டால் இன்றைக்கும் “கால் பாண் வருது!” என்று கத்துகிறார்கள். கத்திவிட்டு வாங்குகிறார்கள். கத்தட்டும்.

வீட்டில் நிலைமை வேறு. வெளியே போய்வந்து நான் கிணற்றடியில் கால் கழுவினால் போதும், குசினிக்குள்ளிருந்து மகள் கேட்பாள்: “என்னப்பா, மா குழைக்க வெளிக்கிட்டாச்சோ?”

“ஓம் பிள்ளை” என்றுவிட்டு, மற்றக் காலையும் கழுவுவேன்.