தொப்பூர் மலையின் இன்சார்ஜ்

முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் நான் பார்க்காத மேலதிகாரி கிடையாது. கத்துகிறவர், கத்தாமலே கொல்கிறவர், காலையில் நெற்றி நிறையத் திருநீறும் மாலையில் கை நிறைய மெமோவுமாக வருகிறவர் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. ஆனால் சம்பளம் வாங்காமல், யாரும் நியமிக்காமல், ஒரு மலையையே நாலு மாதம் நிர்வாகம் செய்த ஒரே அதிகாரி இன்சார்ஜ்தான். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. மீசையே பயிற்சிக்கு வந்த மாதிரிதான் இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் நாலு மாதம் ஏதாவது ஒரு கம்பெனியில் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினால்தான் டிப்ளமோ. எனக்குக் கிடைத்தது, பெங்களூரில் ரேடியோவும் தொலைபேசிக் கருவிகளும் செய்கிற மாபெரும் கம்பெனி. உள்ளே போனால் வெளியே வர வழி கேட்க வேண்டும், கேண்டீனில் வெண்ணெய் போட்ட தோசை தருகிறார்கள் என்றெல்லாம் சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். தர்மபுரியில் தகரப் பெட்டிக் கடை வைத்திருந்த என் அத்தா, இருந்ததிலேயே நல்ல பெட்டியாக எடுத்து, மூடியில் என் பெயரையும் கீழே 'பெங்களூர்' என்றும் பெயிண்டில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. பயிற்சி இடம், தொப்பூர் மலை. எங்கள் கடை வாசலில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்.

மலை உச்சியில் கம்பெனி ஒரு இரும்புக் கோபுரம் எழுப்பிக்கொண்டிருந்தது. ஊர் விட்டு ஊர் பேசும் தொலைபேசிப் பேச்சைக் கம்பி இல்லாமல் காற்றிலேயே அனுப்புவதற்காக. கோபுரத்தின் காலடியில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் மாபெரும் கம்பெனி. அதற்குள் ஒரு மேஜை, ஒரு மண்பானை, மைசூர்ப் பக்கத்து இன்ஜினீயர் ஒருவர். அவரிடம் எதைக் கேட்டாலும் "நாளெ நோடோணா" என்பார். நாளைக்குப் பார்க்கலாம் என்று அர்த்தம். அதனால் அவருக்கு நாளெ சார் என்று பெயர். மறுநாள் போனால் பெங்களூர் போயிருப்பார்.

என்னோடு பயிற்சிக்கு வந்த இன்னொருவன்தான் நம் ஆள். வேறு பாலிடெக்னிக். இண்டூரில் நிலக்கடலை போடுகிற விவசாயி மகன். முதல் நாளே டை கட்டி, சட்டைப் பையில் நாலு பேனா குத்தி, கையில் பரீட்சை அட்டையோடு வந்து நின்றான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சார், இங்க யாருங்க இன்சார்ஜ்?"

பஸ்ஸுக்கு அவசரமாக இறங்கிக்கொண்டிருந்த நாளெ சார், "நான்தான். நான் இல்லாதப்போ நீங்களே நோடிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். 'நீங்களே' என்றதில் நானும் சேர்த்தி என்றுதான் நான் நினைத்தேன். அவன் அப்படி நினைக்கவில்லை. சார் வளைவு திரும்புவதற்குள் அட்டையை எடுத்து வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட ஆரம்பித்துவிட்டான்.

இரண்டாம் நாள் ஆறு நிமிடம் தாமதமாக வந்ததற்கு எனக்கு மெமோ கொடுத்தான். வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் மெமோ. கொடுத்தவன், நான் கணக்கில் அரியர் வைத்திருந்த அதே பேப்பரில் தானும் அரியர் வைத்திருந்தவன்.

"எதுக்குடா இது?" என்றேன்.

"பாய், நாம ஃபிரெண்டுதான். ஆனா டூட்டின்னு வந்துட்டா டூட்டி. பதில எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். வேறு வேலை என்ன இருந்தது? எங்களுக்குத் தரப்பட்ட தொழில்நுட்பப் பயிற்சி, மூடியிருந்த மரப்பெட்டிகளின் மேல் ஆடு ஏறாமல் பார்த்துக்கொள்வது. அதையும் அவன் ஷிஃப்ட் போட்டுச் செய்யவைத்தான். கொட்டகைச் சுவரெல்லாம் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய உத்தரவுகள். 'பானைத் தண்ணீரில் கை விடக்கூடாது.' 'பெட்டியைத் திறந்து பார்க்காமல் ரசீதில் கையெழுத்துப் போடக்கூடாது.' 'கோபுரத்தைப் பார்த்துச் சிறுநீர் கழிக்கக்கூடாது.' ஒவ்வொன்றின் கீழும் 'உத்தரவுப்படி, இன்சார்ஜ்'. படிப்பதற்கு அங்கே நானும் ஆடுகளும்தான்.

கணவாய் ரோட்டு ஓட்டலில் லாரிக்காரர்கள் அவனுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். ஓட்டல்காரர் அவனை "ஆபீசருங்க" என்றுதான் கூப்பிட்டார். அவனிடம் போய்ப் பிரேக் சரியில்லை என்று புகார் சொன்ன டிரைவரை நானே பார்த்திருக்கிறேன். "எழுதிக் குடுங்க, மேல அனுப்பறன்" என்றான். மேல என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு மேலே கோபுரம் ஒன்றுதான் இருந்தது.

அந்த வருடம் மழை தள்ளிப் போயிற்று. இந்தக் கம்பிக் கோபுரம்தான் மேகத்தை விரட்டுகிறது என்று அடிவாரத்து ஊரில் பேச்சு கிளம்பி, பத்துப் பேர் தடியோடு மலையேறி வரப்போவதாகத் தகவல் வந்தது. வழக்கம்போல நாளெ சார் பெங்களூரில். இன்சார்ஜ் டையைச் சரி செய்துகொண்டு, அவர்கள் வருமுன் தானே கூட்டம் போட்டுப் பேச இறங்கிப் போனான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி லாரி வந்தது. ஒரு பெட்டி. டிரைவருக்கு இருட்டுமுன் சேலம் போகவேண்டிய அவசரம். "சீக்கிரம் ஒரு கையெழுத்து போடுங்க தம்பி" என்று ரசீதை நீட்டினார். ஒருநாளாவது அதிகாரம் செய்து பார்க்கும் ஆசை யாரை விட்டது? 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே, வால் சுழித்து அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் இன்சார்ஜ் திரும்பி வந்தான். ஊர்க்காரர்களிடம் என்ன சொன்னாயென்று கேட்டேன். "இருபது நாள் டைம் வாங்கியிருக்கறன். அதுக்குள்ள மழ வந்துடும்" என்றான். (பதினேழாம் நாள் வந்தது. அதற்கும் அவனே பொறுப்பேற்றுக்கொண்டான்.) அப்புறம் பெட்டியைத் திறந்தான். உள்ளே வைக்கோலுக்கு நடுவில், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த, பல்பு மாதிரியான கண்ணாடி ரேடியோ வால்வுகள் நாலு. நாலும் தூள்.

அவன் ரசீதைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். மெமோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். விசாரணை. சான்றிதழ் ரத்தானால் டிப்ளமோ போச்சு, அப்புறம் ஆயுள் முழுக்கத் தகரமும் சுத்தியலும்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். மேஜைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் வேர்த்து வழிந்தபடி நாளெ சார், எதிரில் நாங்கள் இருவர்.

"யார் இதில் கையெழுத்துப் போட்டது?"

நான் வாயைத் திறந்தேன். இன்சார்ஜ் திரும்பி முறைத்தான். "இன்சார்ஜ் பேசறப்ப குறுக்க பேசக்கூடாதுன்னு தெரியாது?" பிறகு அதிகாரியிடம், "நாந்தான் போடச் சொன்னனுங்க சார். திறந்து பாக்கணும்னு இவனுக்கு நான் சொல்லல. இந்த சைட்டுல எது நடந்தாலும் நாந்தாங்க பொறுப்பு" என்றான்.

"உன்னை யார் இன்சார்ஜாகப் போட்டது?"

"யாரும் போடலீங்க சார். யாரும் இல்லாதப்ப யாராவது இருக்கணும் இல்லீங்களா?"

அதிகாரி மெதுவாக நாளெ சார் பக்கம் திரும்பினார். நாளெ சார் "நாளெ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

நான் சுவரைப் பார்த்தேன். பானை உத்தரவு இருந்தது. கோபுர உத்தரவு இருந்தது. நடுவில் பெட்டி உத்தரவு இருந்த இடத்தில் ஒரு காகித அளவுக்கு வெற்றிடம், நாலு மூலையிலும் காய்ந்த சோற்றுப் பருக்கை. ஜீப் சத்தம் கேட்டதுமே கிழித்துச் சட்டைப் பையில் போட்டிருக்கிறான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் பேனா கொஞ்சம் நிற்கிறது.

எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவனுக்குக் கிடைத்த தண்டனை, நேரடி மேற்பார்வையில் பயிற்சியை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். எங்கே என்றால், பெங்களூர்த் தலைமைத் தொழிற்சாலையில். பெட்டி மூடியில் பெயிண்டில் எழுதியும் நான் போக முடியாத ஊருக்கு அவன் குற்றவாளியாகப் போய்ச் சேர்ந்தான். கம்பெனி நிர்வாகம் என்றால் இதுதான்.

இரண்டு மாதம் கழித்து, நன்றி சொல்வதற்கென்றே பெங்களூர் போனேன். சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்தான். இளைத்திருந்தான். ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கேண்டீன் தோசை ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தான். பாதிக்கு மேல் என் பக்கம் தள்ளினான்.

"வூட்ல என்னடா சொன்ன?" என்றேன்.

"ஃபெயிலுன்னு சொல்லிட்டன். அதுன்னா அப்பாவுக்குப் பழக்கம். கம்பெனி பொருள ஒடச்சிட்டன்னு சொன்னா தாங்க மாட்டாரு."

சங்கு ஊதியது. சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே ஓடினான். நன்றி என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை.

தர்மபுரியில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் இண்டூர் பஸ் ஏறினேன். அவன் அப்பா கடலைக் காட்டில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே நடந்ததெல்லாம் சொன்னேன், யார் கையெழுத்து என்பதையும் சேர்த்து. அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப எம்மவன் ஃபெயில் ஆவலீங்களா?"

"இல்லீங்க. எனக்காக அப்படிச் சொல்லியிருக்கான்."

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் வாய்க்காலில் முகத்தைக் கழுவினார். ஒருமுறை கழுவினால் போதும், மூன்று முறை கழுவினார். அப்புறம், "வா பாய், வூட்டுக்குப் போலாம். களி ஆறிப்போயிருக்கும், கொழம்பு சூடா இருக்கும்" என்று முன்னால் நடந்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கும் ஒரு தட்டு உண்டு.