மேடுபள்ளத்துக்கு ஏற்ற சக்கரம்

அழகும் அறிவும் அப்படியே என்னைக் கொண்டு பிறந்த அருமை மருமகனுக்கு, உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம். உன் அத்தைக்குப் பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது, மற்றபடி அவளும் நலம். வெளியூர் வேலை முடிந்து வந்ததும் நீ நேராகப் பந்தயத்தில் இறங்கப் போகிறாய், ஜெயித்தால்தான் கிளப்பில் உன்னை அணியில் சேர்ப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான், "பீரோவுல வெச்சிருக்கேன், தயவுசெஞ்சு தொடாதீங்க மாமா" என்று நீ ஒப்படைத்த, கம்பியில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் உன் சின்ன எஞ்சின் விமானத்தைத் தொட்டேன்.

கோபப்படாதே, முழுசாகப் படி. பந்தயம் நடக்கப்போகும் மைதானத்தை நேரில் போய்ப் பார்த்தேன். இடித்துப்போட்ட கிடங்கின் பின்புறம், கல்லும் செங்கல் துண்டும் புல் புதருமாகக் கிடக்கிறது. நீ மாட்டியிருப்பதோ சட்டைப் பொத்தான் அளவுச் சக்கரம். சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியே தலை நரைத்தவன் நான், பொறுப்பேனா? பரீட்சை செய்து பார்த்துவிடுவோம் என்று உன் அத்தையை விமானத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு கம்பிகளின் இந்த முனையில் கைப்பிடியோடு, அது சுற்ற வேண்டிய வட்டத்தின் நடுவில் நின்றேன். விட்டாள். ஒரு புல் புதரில் சக்கரம் மாட்டி விமானம் குப்புற விழுந்தது, விசிறி ஒடிந்தது. (புதுசு போட்டாச்சு.) அடுத்து பஞ்சு மாதிரி மெத்தென்ற பெரிய சக்கரம் மாட்டினேன், ஆட்டுக்குட்டி கணக்காய்த் துள்ளியது. அப்புறம் கெட்டியான, எடை குறைந்த, கல்லைவிட உயரமான சக்கரமாகப் பார்த்து எடுத்து, சக்கரம் தாங்கும் கம்பிக் கால்களையும் சற்று முன்னால் வளைத்து மாட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். விமானம் ஓட்டுகிறவன் பக்கம் பாசமாக இருக்கட்டுமே என்று சக்கரங்களை உள்பக்கமாகத் திருப்பிவைத்தேன். கம்பி தொய்ந்துபோய், அது உறுமிக்கொண்டு நேராக என்னைத் துரத்திற்று. நான் ஓடிய வேகத்தை உலகில் எவனும் ஓடியிருக்க மாட்டான். "என்னங்க, விமானத்தை நீங்க ஓட்டுறீங்களா, உங்களை அது ஓட்டுதா?" என்று உன் அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

சக்கரத்தை ஒரு நூலளவு வெளிப்பக்கம் திருப்பினேன். கம்பி விறைப்பாக நின்றது, விமானம் வெண்ணெய் மாதிரி எழும்பியது. எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றது, ஆனால் விமானம் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எதிர்முனையில் யாரோ பிடித்து இழுப்பதுபோல் கம்பி வெடவெடத்தது. எனக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன், கைப்பிடியும் நழுவிவிட்டது. அதன் பிறகும் அது வட்டம் தவறவில்லை. ஒரு சுற்று போய் மெல்ல இறங்கி, கல்லெல்லாம் தாண்டி உருண்டு, என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. "பாத்தியா, நல்ல சக்கரத்தோட குணம்!" என்றேன். உன் அத்தை வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

ஒரு நாள் விட்டு மறுநாள் விமானத்தோடு போனபோது மைதானத்துக் காவலாளி கேட்டார்: "நேத்து உங்க ஆளு ஓட்டினாரே சார், யாரு அவரு? நல்ல உசரம்."

"நேத்து நாங்க வரவே இல்லையே?"

"நீங்க வரலை. விமானம் வந்துச்சே. இதே சிவப்பு ரெக்கை, இதே சக்கரம். சத்தம்தான் இல்லை. உங்களை மாதிரி தலை சுத்தி உக்காரலை சார் அவரு. நின்னார்னா நின்னார்!"

அந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் முழுக்க விமானம் பீரோவில், சாவி என் இடுப்பில். ஆக, எவனோ என் யோசனையைத் திருடி அதே மாதிரி ஒன்று செய்திருக்கிறான். மண்ணில் புதிதாக ஒரு வட்டத் தடம், என் சக்கரத்தின் அகலம் அச்சு அசலாக. "நடுவுல பாருங்க, புல்லு மடங்கக்கூட இல்லை" என்று உன் அத்தை என் கையைப் பிடித்தாள். ஆள் ஒல்லியாக இருப்பார் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே மருமகனே, நீ தைரியமாக வா. விமானம் பத்திரம், சக்கரம் பிரமாதம், கோப்பை உனக்குத்தான். அந்த உசரமானவர் போட்டிக்கு வந்தாலும் உன்னிடம் நிற்க முடியாது. தீர்க்காயுசாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் வெற்றிக்கு முழுப் பொறுப்பாளி,
தாய்மாமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் உனக்காக விமானத்தை ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று பீரோவைத் திறந்தேன். வெளிப்பக்கத்துச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. விரலை வைத்தால் நிற்கிறது, எடுத்தால் மறுபடி சுற்றுகிறது. உன் அத்தை பெட்டி கட்டுகிறாள், நானும் கூடப் போகிறேன். நீ இங்கே வரவேண்டாம், பந்தயத்துக்கு வேறு விமானம் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் கலந்துகொள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சக்கரத்தில் துளி ஆட்டம் இல்லை. அவ்வளவு கச்சிதமாக மாட்டியிருக்கிறேன்.