எரிமலைக்குப் போன கதவுகள்

இந்தி சினிமாவில் எங்கள் கும்பல் அண்ணாச்சி அளவுக்குச் செத்தவர் வேறு யாரும் கிடையாது. வெள்ளத்தில் போயிருக்கிறார். குதிரைக் காலடியில் நசுங்கியிருக்கிறார். ஒரே படத்தில் முதலில் மீசையோடும் பிறகு மீசை இல்லாமலும் செத்திருக்கிறார். அறுபதுகளில் பயில்வான்களை வைத்து மலிவாக எடுத்த சண்டைப் படங்களுக்குத் தாராவியிலிருந்து கூட்டம் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது.

நான் அப்போது மாட்டுங்காவில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூட்டத்தில் ஒருவன். "செத்தவன் மூக்கச் சொறியக் கூடாதுலே" என்பதுதான் அவர் எங்களுக்கு நடத்திய முதல் பாடம்.

அவருக்கு ஒரே குறை. இத்தனை முறை செத்தும் ஒரு படத்திலாவது முகம் தெரிந்ததில்லை. ஊரிலிருந்து வந்த மனைவியே, "நீங்க நெசமாவே சினிமாவுலதான் இருக்கியளா?" என்று கேட்டுவிட்டார். மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எரிமலைப் படம் வந்தது. தயாரிப்பாளரும் டைரக்டரும் ஒரே ஆள், மகா கஞ்சன். செம்பூர் பக்கத்துப் பொட்டலில் மூங்கிலும் சாக்கும் வைத்து மலை கட்டினார். நெருப்புக் குழம்புக்கு மைதாப் பசையில் செங்காவி. மலையடிக் கிராமத்துக்குப் பலகை வாங்க மனம் வரவில்லை. எங்கள் சந்து வீடுகளின் கதவையும் தகரத்தையும் இரவல் கேட்டார். பதிலுக்கு, கேமராவை நேராக முகத்தில் வைத்து அண்ணாச்சிக்கு ஒரு வசனம். 'பாகோ, பஹாட் ஃபட் கயா.' ஓடுங்கள், மலை வெடித்துவிட்டது.

அண்ணாச்சி வீடு வீடாகப் போய், கதவுக்குத் தான் பொறுப்பு என்றார். என் கதவு உட்பட எல்லாம் கைவண்டியில் ஏறிச் செம்பூருக்குப் போயின. காலையில் கக்கூஸ் வரிசையில் அவர் வசனத்தைப் பழகுவார். 'பாகோ' என்ற சத்தத்தில் வரிசை கலைந்து அவருக்கே முதலிடம் கிடைத்ததும் உண்டு.

படப்பிடிப்பு அன்று மலைக்குள் டயரைக் கொளுத்தினார்கள். அண்ணாச்சி கேமராவைப் பார்த்து நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மலையும் எங்கள் கதவுகளும். கேமரா ஓடத் தொடங்கியதும் காற்று திரும்பியது, சாக்கு மலை நிஜமாகவே பற்றிக்கொண்டது. முதலில் ஓடியவர் ஹீரோ. அந்தப் படத்தில் அவர் இயல்பாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அடுத்து டைரக்டர். கேமராக்காரரும் ஓடிவிட, கேமரா அதுபாட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி வசனத்துக்காக வாயைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, நம்ம கதவுலே. வாங்கலே."

கிராமக் காட்சிக்கு வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு தீயை நோக்கி ஓடினார். பசை கரைக்க வைத்திருந்த பீப்பாய்த் தண்ணீரை மொண்டுகொண்டு நாங்களும் ஓடினோம். பாதிக் கதவுகள் தப்பின.

டைரக்டர் திரும்பி வந்து, ஷாட்டைக் கெடுத்த மதராசிகள் என்று திட்டினார். கருகிய கதவுகளைப் பற்றி அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி தன் கதவைக் கழற்றி, வயசுப் பெண்கள் இருந்த வீட்டுக்கு மாட்டினார். தன் வாசலில் சாக்கைத் தொங்கவிட்டார்.

படம் வந்தபோது சந்தே திரண்டு கொட்டகைக்குப் போனது. மறுபடி எடுக்க மனமில்லாத அந்தக் கஞ்சன், தீயை நோக்கி நாங்கள் ஓடிய ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டியிருந்தான். ஊற்றிய தண்ணீர் குடத்துக்குள் திரும்பியது. அண்ணாச்சி தீயிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டே பின்னால் பின்னால் ஓடிவந்தார். அவர் முகம் திரும்பும் இடத்தில் வெட்டிவிட்டு ஹீரோவின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். வசனமும் ஹீரோவுக்கே. கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது.

வெளியே வந்து மனைவியிடம் அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்.

"மூஞ்சி போனாப் போவுது. என்னைய ஓடிப்போனவன்னுல்லா காட்டிட்டானுவ."

அதன் பிறகு அவர் எந்தப் படத்திலும் சாகவில்லை. சில வருஷம் கழித்து நிஜமாகவே செத்தார், தாராவியில், காய்ச்சலில்.

அந்தப் படத்தை யாராவது எங்கேயாவது பார்த்திருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி ஓடிப்போகவில்லை. தீயைப் பார்த்துத்தான் ஓடினார். நான் குடத்தோடு பக்கத்தில் ஓடினேன், அவர் முகத்தைப் பார்த்தேன்.