ஒரே புட்டி உரக்காரர்

உரக்காரர் என்றொரு இனம் உண்டு. வயலுக்கு உரம் போடுபவர் அல்ல. கண்ணாடித் தொட்டிக்குள் மீன்களுக்கு நடுவே வளரும் நாலு செடிக்குப் போடுபவர். கையில் சொட்டுக் குழாய், முகத்தில் டாக்டர் களை, வாயில் நைட்ரேட்.

மகளுக்கு வேலை கிடைக்கவில்லை என்று இவரிடம் அழுது பாருங்கள். உங்கள் நகத்தைப் பிடித்துப் பார்த்து, "பொட்டாசியம் பத்தலை" என்பார். இலையில் ஓட்டை விழுந்தால் பொட்டாசியக் குறை, இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை, தொட்டி முழுக்கப் பாசி பிடித்தாலோ மனைவியின் குறை. அவள்தானே வெயில் விழும்படி ஜன்னல் திரையை விலக்கினாள்!

நம் உரக்காரர் பஸ் நிலையத்தில் நேரம் குறிப்பவர். மனைவி தையல்காரி. தொட்டி நிற்கும் மூலையில் மெஷின் போட ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் கெடு வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒரு புது இலை பச்சையா வரணும். இல்லேன்னா தொட்டி என் தம்பி வீட்டுக்குப் போகுது."

மானப் பிரச்சினை! இரும்பையும் பாஸ்பேட்டையும் ஒரே புட்டியில் கலக்காதீர்கள், வேறு வேறு நாளில் ஊற்றுங்கள் என்று உரம் விற்ற கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். இவர் கேட்பாரா?

"ரெண்டு புட்டி விக்கிறதுக்கு அவனுக்கு ஆசை. நான் ஏமாந்தவனா?"

கலக்கினார். இரும்பும் பாஸ்பேட்டும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு வண்டலாக அடியில் உட்கார்ந்தன. "கசடு இறங்கிடுச்சு, மருந்து சுத்தமாயிடுச்சு" என்று மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றினார். இலை வெளுத்தது. இரண்டு மடங்கு ஊற்றினார். மேலும் வெளுத்தது. மூன்று மடங்கு! அதே புட்டியில் இருந்து, செடி தொடாமல் விட்ட நைட்ரேட்டைத் தின்னப் பாசி கும்பலாக வந்து இறங்கியது.

ஞாயிறு காலை, மெக்கானிக் மைத்துனன் சாக்கும் கயிறுமாக வந்து நின்றான்.

"மாமா, இலை எங்க?"

"தொட்டியே பச்சையா இருக்கே, கண்ணு தெரியலையா மாப்ளே?"

"மீனையும் காணோமே?"

"பச்சைக்குள்ள இருக்கு. நம்பணும்."

அக்கா நம்பவில்லை. தொட்டி போயிற்று, மெஷின் வந்தது. உரக்காரர் அதைச் சுற்றி மூன்று முறை நடந்தார், சக்கரத்தை முகர்ந்தார், பெருமூச்சு விட்டார்.

"எண்ணெய் பத்தலை."

சொட்டுக் குழாயோடு அவர் குனிவதற்குள் அவள் ஊசியைக் காட்டினாள். நகர்ந்துகொண்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் கடைக்காரர் சொன்னதைப் படிக்கும்போது, "வேறு நாள் எதற்கு, ஒரு மணி நேரம் விட்டு ஊற்றினால் போதுமே" என்று உங்கள் நாக்கு துடித்ததா? அப்படியானால் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாரோ டேப்பை வைத்து மூலையை அளந்துகொண்டிருக்கிறார்கள்.